மாக்கரோனி சீஸில் பாதிக்கு மேல் சீஸைக் குறைத்த கதை

போன ஞாயிறு ஓவனிலிருந்து எடுத்த மாக்கரோனி சீஸை வெட்டிப் பரிமாறியபோது பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. செப்டம்பர் கடைசியில் தொடங்கிய வேலை இது. இடையில் செய்ததெல்லாம் சாப்பிட முடியாத அளவுக்குப் போகவில்லை, ஆனால் யாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கவும் இல்லை. இப்போது கேட்கிறார்கள். அளவுகள் நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் எதிலிருந்து குறைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்த புதிதில் பழகிய செய்முறை இது: 450 கிராம் மாக்கரோனி, 450 கிராம் செடார் சீஸ், 85 கிராம் வெண்ணெய், அரை கப் மைதா, ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பால். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, சீஸைக் கொட்டிக் கிளறி, மேலே ரொட்டித்தூள் தூவி ஓவனில் வைப்பது. எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்குச் சுமார் 620 கலோரி, கொழுப்பு 32 கிராமுக்குப் பக்கம் வருகிறது. அருமையான சாப்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர், மகளோ வாரத்தில் ஒரு நாளாவது இதைக் கேட்பாள். இருவருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாற வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

இலையுதிர் காலத்தில் இங்கே பட்டர்நட் ஸ்குவாஷ் கொட்டிக் கிடக்கும். நம்மூர்ப் பரங்கிக்காயின் இனம்தான் அது. ஆனால் நார் குறைவு, சதை இறுக்கம், கொஞ்சம் முந்திரி வாசம் அடிக்கும். வேகவைத்து அரைத்தால் தானாகவே வழவழவென்று வரும், நிறமும் செடார் நிறம். அதனால் வெண்ணெய்-மைதா-பால் கூட்டணி செய்கிற வேலையை இதுவே செய்யும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், ஆனால் அது ஒழுங்காக நடக்கப் பட்டர்நட்டிலிருக்கும் தண்ணீரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். கொழுப்பைக் குறைப்பதைவிட இதுதான் பெரிய வேலையாக இருந்தது.

தொடக்கத்தில் தோலைச் சீவி, துண்டு போட்டு, இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்தேன். வேகமாக முடிந்தது. மிக்ஸியில் அரைத்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சீஸ் போட்டு, பாஸ்தாவோடு கலந்து ஓவனில் வைத்து எடுத்தால், மேலே பொன்னிறம், கீழே மஞ்சள் தண்ணீர். சுவையும் வெறிச்சென்று இருந்தது. சரி, கெட்டியாக்குவோம் என்று சோளமாவை இரண்டு பங்காகப் போட்டால் தண்ணீர் நின்றது, ஆனால் நாக்கில் ஒட்டுகிற ஒரு பிசுபிசுப்பு வந்துவிட்டது. சோளமாவு கொஞ்சம் தேவைதான், ஆனால் காயின் தண்ணீரைக் கட்டிப்போட அதை நம்பக் கூடாது.

இன்னொரு விஷயம், பச்சைப் பட்டர்நட்டின் தோலைச் சீவும்போது வடிகிற பால் கையில் காய்ந்து, தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிலருக்குத் தோல் உரியவும் செய்யும். கையுறை போடலாம். தோலே சீவாமல் இருப்பது அதைவிட நல்லது. இப்போது நான் செய்வது இதுதான்: காயின் அடியில் ஒரு வில்லை வெட்டிவிட்டு நிமிர்த்தி வைத்து, பெரிய கத்தியால் நெடுக்காக இரண்டாகப் பிளக்கிறேன். கத்தி இறங்க மறுத்தால், முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தோல் இளகிக்கொடுக்கும். விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெட்டிய பக்கத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் உப்பும் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி டிரேயில் கவிழ்த்து 205 டிகிரி செல்சியஸில், அதாவது ஓவன் குமிழில் 400 என்று இருப்பதில், 45 முதல் 50 நிமிடம். விரலால் அழுத்தினால் தோல் குழிய வேண்டும். டிரேயைத் தொட்ட இடமெல்லாம் கரும்பழுப்பாகியிருக்கும், அதைச் சுரண்டி விட்டுவிடாதீர்கள், சுவை அங்கேதான் இருக்கிறது. ஆறியதும் கரண்டியால் வழித்தால் சதை தோலைவிட்டுத் தானாக வந்துவிடும்.

1.3 கிலோ காயில் எனக்கு 800 கிராம் சதை கிடைத்தது. இதை அப்படியே பயன்படுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. அப்புறம் சதையை அகலமான வாணலியில் போட்டு, மிதமான சூட்டில் எட்டு பத்து நிமிடம் கிளறினேன். ஆவி புகையாகக் கிளம்பும், அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாணலியின் நடுவில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். தராசில் வைத்துப் பார்த்தேன், 800 கிராம் 620 ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 180 மில்லி தண்ணீர், அதாவது முக்கால் கப்! இதுதான் இத்தனை நாளும் பாத்திரத்தின் அடியில் தேங்கி நின்றது. இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்க எந்தக் குறுக்குவழியும் எனக்குத் தென்படவில்லை.

காய் வாங்குவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நீளமான கழுத்து உள்ளதாகப் பாருங்கள். விதை எல்லாம் அடிப்பக்கக் குமிழில்தான் இருக்கும், கழுத்து முழுக்கச் சதை. தோல் பளபளவென்று இல்லாமல் மங்கலாக, பச்சைக் கோடு இல்லாமல், ஒரே தோல்நிறமாக இருந்தால் நன்றாக முற்றிய காய். பளபளப்பும் பச்சைக் கோடும் இருந்தால் முற்றுவதற்கு முன் பறித்தது, அது இனிக்காது, தண்ணீரும் அதிகம். கிராமப்புறச் சாலையோரங்களில், காசைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காயை எடுத்துக்கொள்ளும் கடைகள் அக்டோபர் முழுக்க இருக்கும். அங்கே எனக்கு ஒரு பவுண்டு 99 சென்ட்டுக்குக் கிடைத்தது. காம்போடு இருக்கிற காயைக் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. ஃபிரிட்ஜில் வேண்டாம்.

சரி, சீஸ். கொழுப்பைக் குறைக்க நேரடி வழி கொழுப்பு குறைந்த செடார் வாங்குவதுதான் என்று தோன்றும். வாங்கிப் பார்த்தேன். உருகவில்லை, வழுவழுப்பான கட்டிகளாகத் திரண்டது, ஆறினதும் ரப்பர். காட்டேஜ் சீஸை மிக்ஸியில் அடித்துச் சேர்த்தும் பார்த்தேன். அடித்தபோது கிரீம் மாதிரிதான் இருந்தது, ஓவன் சூட்டில் குருணை குருணையாகப் பிரிந்து அதுவும் தன் பங்குக்குத் தண்ணீர் விட்டது. இரண்டையும் விட்டுவிட்டேன். நல்ல, சுவை அழுத்தமான, முழுக்கொழுப்புச் செடாரைக் குறைவாகப் போடுவதே சரியான வழி. இங்கே கடைகளில் செடாரை மைல்டு, மீடியம், ஓல்டு, எக்ஸ்ட்ரா ஓல்டு என்று வயதுப்படி விற்பார்கள். மைல்டு 450 கிராம் போட்டாலும் வராத சுவை ஓல்டு 170 கிராமில் வருகிறது. எக்ஸ்ட்ரா ஓல்டு இன்னும் சுவைதான், ஆனால் ரொம்பப் பழுத்த சீஸ் உருகும்போது எண்ணெயைக் கக்கும், சாஸ் மணல் மணலாகும். ஓல்டு போதும். அதோடு பார்மெசான் என்கிற கெட்டியான இத்தாலியச் சீஸ் 30 கிராம். மொத்தம் 200 கிராம், முன்பு 450.

துருவிய சீஸ் பாக்கெட் வாங்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதில் மாவும் செல்லுலோஸும் தூவியிருப்பார்கள், சாஸ் சீராக வராது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவினால் இரண்டு நிமிட வேலை, விலையும் பெரும்பாலும் குறைவு.

இந்த 200 கிராமை எங்கே போடுவது என்பதும் முக்கியம். முதலில் எல்லாவற்றையும் சாஸுக்குள் போட்டேன், காணாமல் போய்விட்டது. பரங்கிக்காய்க் கூட்டு சாப்பிடுகிறோமா என்று அப்பாவே கேட்டார். இப்போது செடாரில் 110 கிராம் சாஸுக்குள், மீதி 60 கிராமும் பார்மெசானும் மேலே. மேலே இருக்கும் சீஸ் நேரடியாக நாக்கில் படுகிறது, சூட்டில் பொரிந்து வாசமும் வருகிறது, அதனால் ஒவ்வொரு வாய்க்கும் சீஸ் சாப்பிடுகிற நிறைவு இருக்கிறது.

சாஸ் செய்முறை இது. 620 கிராம் சதையோடு 2 சதவீதக் கொழுப்புப் பால் 400 மில்லி, சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, கடுகுப் பொடி ஒரு தேக்கரண்டி, கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் துருவிய ஜாதிக்காய், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. 110 வோல்ட்டில் ஓடுகிற நம்மூர் மிக்ஸி ஒன்று வைத்திருக்கிறேன், அதில் சட்னி ஜாரைவிடப் பெரிய ஜாரில் ஒரு நிமிடம் ஓட்டினால் பட்டுப்போல ஆகிறது. சதை நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். கடுகுப் பொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடுகு தனியாகத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் பட்டர்நட்டின் இனிப்பு மேலே வந்து நிற்கும், சீஸ் அடங்கிவிடும்.

அரைத்ததை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, குமிழ் வரும்வரை கிளறி, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறேன். சீஸ் போடுவது அதற்கப்புறம்தான். தெர்மாமீட்டர் இருந்தால் 70 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் நாலைந்து நிமிடம் ஆறவிட்டால் போதும். கொதிக்கும் சாஸில் சீஸைப் போட்டால் பிரிந்துவிடும், பிரிந்ததைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. 110 கிராமையும் மூன்று தடவையாகப் போட்டுக் கிளறினால் சீராகக் கரைகிறது. பாஸ்தா வெந்த தண்ணீரை 150 மில்லி எடுத்து வைத்திருந்து கடைசியில் ஊற்றுகிறேன். இத்தனை பாடுபட்டுத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி ஊற்றுவதா என்று கேட்கலாம். இந்தத் தண்ணீரைப் பாஸ்தா ஓவனுக்குள் குடித்துவிடும், அளவும் நம் கையில் இருக்கிறது. காயிலிருந்து வருவது அப்படி இல்லை. கலந்தபின் சாஸ் தோசைமாவுப் பதத்தில் இருக்க வேண்டும். பார்க்க ரொம்ப நீர்த்திருக்கிறதே என்று தோன்றும், ஓவனில் அது சரியாகிவிடும். கெட்டியாக உள்ளே போனால் வறண்ட பாஸ்தா வெளியே வரும்.

பாஸ்தா 340 கிராம். 450 போட்டால் 9-க்கு 13 அங்குலப் பாத்திரத்தில் காய்களுக்கு இடமே இருக்காது. வளைந்த சின்ன மாக்கரோனியைவிட, சுருள் சுருளாக இருக்கும் கவடாப்பி இந்தச் சாஸைப் பிடித்துக்கொள்கிறது, கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்னதாக வடித்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூடப் போகிற காய்கள் இரண்டு. வெங்காயத்தாள் போலத் தடித்து இருக்கும் லீக் இரண்டு, கேல் கீரை ஒரு கட்டில் பாதி, தண்டு நீக்கி 150 கிராம். லீக்கின் அடுக்குகளுக்குள் மண் ஒளிந்திருக்கும், நெடுக்காகப் பிளந்து ஒவ்வொரு அடுக்காக விரித்துக் கழுவுங்கள். வெள்ளையும் இளம்பச்சையுமான பகுதியை மெல்லியதாக அரிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சின்னத் தீயில் 15 நிமிடம் வதக்கினால் வெண்ணெய் போட்ட வாசம் வெண்ணெய் இல்லாமலே வருகிறது. அதிலேயே பொடியாக நறுக்கிய கேலைப் போட்டுத் துவளவிட்டு, ஈரம் வற்றும்வரை வைத்திருக்கிறேன். இங்கேயும் அதே ஈரக் கவலைதான். பசலைக்கீரை வேண்டாம், அது விடுகிற நீருக்கு அளவே இல்லை, ஓவனில் நிறமும் கறுத்துவிடும்.

ஆப்பிளும் சேர்த்துப் பார்த்தேன். அக்டோபரில் இங்கே ஆப்பிள் போடாத சமையலே இல்லை, சீஸுக்கும் ஆப்பிளுக்கும் நல்ல பொருத்தமும் உண்டு. வீட்டிலிருந்தது மெக்கின்டாஷ். இந்த ஒன்டாரியோவில்தான் 1811-ல் ஜான் மெக்கின்டாஷ் அந்த மரக்கன்றைக் கண்டெடுத்தார். பச்சையாகக் கடித்துத் தின்ன அருமையான பழம், ஆனால் சூட்டில் கரைந்து கூழாகிவிடுகிறது. இருந்த இனிப்போடு அதுவும் சேர்ந்து, சாப்பாடு பலகாரமாகப் பார்த்தது. இப்போது ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி எலுமிச்சைச் சாறும் மிளகும் தூவிப் பக்கத்தில் வைக்கிறேன், அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது.

மேலே தூவ 40 கிராம் பாங்கோ ரொட்டித்தூள். முன்பு உருகிய வெண்ணெயில் பிசறிப் போடுவேன். இப்போது மூன்று தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் சேஜ் என்கிற வாசனை இலை ஆறேழைப் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் பாங்கோவை இளம் பொன்னிறமாக வறுத்து, பொரித்த இலையை நொறுக்கிக் கலக்கிறேன். வாணலியில் முன்கூட்டியே வறுப்பதால் எண்ணெய் கொஞ்சமாக இருந்தாலும் எல்லாத் தூளும் ஒரே சீராக மொறுமொறுப்பாகிறது.

பாத்திர விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதலில் கண்ணாடிப் பாத்திரத்தில் செய்து, மேலே சிவக்க வேண்டும் என்று கடைசி இரண்டு நிமிடம் மேல்சூட்டில், இங்கே பிராயில் என்பார்களே, அதில் வைக்கப் போனேன். பாத்திரத்தின் அடியிலேயே பிராயிலில் வைக்கக் கூடாது என்று பொறித்திருந்தது. திடீர்ச் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும். அதற்குப் பிறகு எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்துக்கு மாறிவிட்டேன். ஓரங்களும் அடியும் சிவந்து ஒட்டிக்கொள்கிற அந்த மொறுமொறு விளிம்பு கண்ணாடியில் இவ்வளவு நன்றாக வராது. மகள் மூலைத் துண்டுக்குத்தான் முதலில் கை நீட்டுகிறாள்.

ஓவனுக்குள் தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினேன், பத்து டாலர். எங்கள் ஓவன் 375 பாரன்ஹீட் என்று காட்டும்போது உள்ளே 350 தான் இருக்கிறது. இத்தனை நாள் மேலே சிவக்காமல் உள்ளே மட்டும் வெந்து குழைந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது 400 வைத்து, தெர்மாமீட்டரில் 375, அதாவது 190 செல்சியஸ் வந்ததும் உள்ளே தள்ளுகிறேன். சீஸ் மட்டும் மேலே தூவி 15 நிமிடம், அப்புறம் பாங்கோவைப் பரப்பி இன்னும் ஏழு நிமிடம். பாங்கோ முன்பே வறுத்தது என்பதால் ஆரம்பத்திலேயே போட்டால் கருகிவிடும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும், அதற்குள் சாஸ் இறுகிக்கொள்கிறது.

கணக்கு: எட்டுப் பங்கில் ஒரு பங்குக்குச் சுமார் 390 கலோரி, கொழுப்பு 13 கிராம். பங்கின் அளவு சிறிதாகவில்லை, எடை கிட்டத்தட்டப் பழையபடியே. செலவு குறைந்ததா என்றால் இல்லை. பட்டர்நட் 2.85, செடார் 3.20, பாஸ்தா 1.90, பார்மெசான் 1.20, லீக் 2.30, கேல் கட்டு முழுவதும் 2.50, பால் 80 சென்ட், பாங்கோ முதலிய சில்லறைக்கு ஒரு டாலர், மொத்தம் 15.75 டாலர். பழைய செய்முறையும் 15 டாலர் பக்கம்தான். சீஸில் மிச்சமானதைக் காய்க்குக் கொடுத்திருக்கிறேன். நேரம் மட்டும் கூடுதல், காய் ஓவனில் இருக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகிறது. முதல் நாள் இரவே காயைச் சுட்டு, வற்றவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் ஒரு மணி நேரத்தில் முடியும்.

எதிர்பாராத லாபம் ஒன்று, மறுநாள் சூடுபண்ணும்போது இது பிரிவதில்லை. பழையது மைக்ரோவேவில் வைத்தால் எண்ணெய் ஓரமாக ஒதுங்கி நிற்கும். இதில் ஒரு பங்குக்கு இரண்டு தேக்கரண்டி பால் தெளித்து மூடிவைத்துச் சூடுபண்ணினால் சாஸ் அப்படியே திரும்ப வருகிறது. மகளின் பள்ளி டப்பாவுக்கும் போகிறது.

அடுத்த தடவை மாற்ற நினைப்பது: பாஸ்தாவை 280 கிராமாக்கி, அந்த இடத்தில் ஓவனில் சுட்ட காலிஃபிளவரைச் சின்னப் பூக்களாகப் போடலாம், அதுவும் இந்தப் பருவத்துக் காய்தான், நீரை வற்றவைப்பதும் எளிது. உப்பை ஒன்றேகால் தேக்கரண்டியாகக் குறைக்க வேண்டும், பார்மெசான் மேலே வருவதால் கடைசிப் பங்குகள் கொஞ்சம் கரித்தன. கேலை இன்னும் பொடியாக நறுக்க வேண்டும், அப்பாவுக்குப் பல்லில் சிக்குகிறதாம். அக்டோபரின் இரண்டாவது திங்கள் இங்கே தாங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி கூறும் விருந்து நாள், பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அதற்கு இரண்டு பாத்திரம் வேண்டும். காயின் சதையை இரண்டு மடங்காக ஒரே வாணலியில் வற்றவைக்கக் கூடாது, ஆழம் கூடினால் ஆவி வெளியேறாது. இரண்டு வாணலியில் தனித்தனியாகத்தான்.